என் நெஞ்சுவலியும் மகனின் விமானமும்

எனக்கு நெஞ்சுவலி வந்த செய்தியை நான் வடை தின்றுகொண்டே கேட்டேன்.

பொன்னமராவதிக்குப் பக்கத்தில் என் மகள் சித்ராவைக் கட்டிக்கொடுத்த வீடு. மறுநாள் அவள் மகளுக்கு, என் பேத்திக்கு, மொட்டை போட்டுக் காது குத்து. கொல்லைப்புறத்தில் சமையல்காரர் முதல் ஈடு உளுந்த வடையை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு எதற்கோ உள்ளே போயிருந்தார். உப்பு சரியாக இருக்கிறதா என்று பொறுப்பான ஆள் யாராவது பார்க்க வேண்டாமா? நான் பார்த்தேன். மூன்றாவது வடையில்தான் உப்பைப் பற்றி ஒரு முடிவுக்கு வர முடிந்தது.

அப்போது தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் சித்ரா போனில் அழுதுகொண்டு பேசுவது கேட்டது.

“ஆமாண்ணே, நெஞ்சு வலிக்குதுன்னு அப்படியே சாஞ்சிருச்சு. ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். கொஞ்சம் சீரியஸுங்கிறாங்க. ஒன்னையத்தான் கேக்குது. இன்னைக்கே கெளம்பி வந்துருண்ணே.”

யாரோ பாவம் என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது. நாலாவது வடையைக்கூடத் திரும்பத் தட்டிலேயே வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. சித்ராவுக்கு இருப்பது ஒரே அண்ணன். அந்த அண்ணனைக் கேட்டுப் படுத்துக் கிடக்கக்கூடிய ஆத்தா நான் ஒருத்திதான்.

மடி யாருடையது

எங்கள் பக்கத்தில் காது குத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அப்பன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கலாம். தாத்தா பந்தியைக் கவனிக்கலாம். மடி மட்டும் மாமனுடையது. மாமன் இருந்தும் வரவில்லை என்றால், பிறந்த வீட்டில் அந்தப் பெண்ணுக்கு மதிப்பில்லை என்று ஊரே முடிவு கட்டிவிடும். அப்புறம் அவள் அந்த வீட்டில் குழம்பில் புளி கூடிப் போனாலும் அந்தப் பேச்சுத்தான் வரும்.

மாமன் என்பது என் மகன் கருப்பையா. அந்தமானில் வேலை. என்ன வேலை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. காசு கொடுத்து வருகிறவர்களைக் கடலுக்கு அடியில் கூட்டிக்கொண்டு போய், மீனைக் காட்டி, மறுபடி மேலே கொண்டுவந்து விடுவான். முதுகில் காற்று அடைத்த சிலிண்டர், வாயில் குழாய். அவன் அப்பா உயிரோடு இருந்தபோது, “கட்டுமாவடியில காலையில போனா அத்தனை மீனையும் கரையிலேயே பாக்கலாமே, இதுக்கு எதுக்குடா காசு?” என்று கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இன்னும் தீரவில்லை.

காது குத்துக்கு முதலில் வேறு நாள்தான் குறித்திருந்தோம். கருப்பையாவும் அதற்கு ஏற்றபடி எல்லாம் திட்டம் போட்டு வைத்திருந்தான். எந்த நாள் வரைக்கும் முங்குவது, எந்த நாள் முழுக்கத் தரையிலேயே இருப்பது, அதற்கு அடுத்த நாள் விமானம் என்று கணக்கு. நடுவில் என் மாப்பிள்ளைக்கு வளைகுடாவிலிருந்து போன் வந்துவிட்டது. லீவு ரத்து, உடனே வந்து சேர் என்று கம்பெனியில் உத்தரவு. சரி, அவர் கிளம்புவதற்குள் முடித்துவிடலாம் என்று நாளை முன்னால் இழுத்தார்கள். நாளை இழுத்தவர்கள் அதைக் கருப்பையாவுக்குச் சொன்னது, அவன் அன்று காலையில் இரண்டு முறை முங்கி எழுந்து வந்த பிறகு.

“இன்னைக்கு மத்தியானம் ஒரு ப்ளேன் இருக்கு. ஆனா என்னால இன்னைக்கு ஏற முடியாது. நாளைக்கு ஏறுறேன்” என்றான் அவன்.

சித்ராவின் மாமியார் பழனியம்மாள், என் சம்பந்தி, அதைக் கேட்டுவிட்டு எங்களிடம் பேசவில்லை. வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கேட்கும்படி காய்கறிக் கூடையிடம்தான் பேசினாள்: “ஊருக்கெல்லாம் கடலைக் காட்டுறவுகளுக்குத் தங்கச்சி புள்ளைக்கு மடி குடுக்க நேரமில்லையாம்.”

அதற்குப் பிறகுதான் என் மகள் தொட்டி ஓரமாகப் போய் எனக்கு நெஞ்சுவலி வரவழைத்தாள்.

கயிற்றை இழுத்தது யார்

வேறு சமயமாக இருந்தால், அண்ணனை வரவழைக்க மகள் நல்ல சாக்குத்தான் கண்டுபிடித்திருக்கிறாள் என்று நானும் நாலாவது வடையை எடுத்திருப்பேன். என்னால் முடியாமல் போனதற்குக் காரணம் ஒரு கல்குவாரிக் குழி.

முன்னொரு முறை அவன் லீவில் வந்திருந்தபோது நடந்தது. விராலிமலை போகிற வழியில் அவன் கூட்டாளிக்குத் தோட்டம். பக்கத்தில் கல் வெட்டி எடுத்துவிட்டு அப்படியே விட்ட குழியில் கிணறு தோற்றுப் போகிற ஆழத்துக்குத் தண்ணீர். அதில் மிதவை மேல் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் காற்றில் மிதவை கவிழ்ந்து மோட்டார் அடியில் போய்விட்டது. ராமநாதபுரத்துப் பக்கம் தெரிந்த பையன் ஒருவனிடமிருந்து சிலிண்டர் வரவழைத்து, நான் எடுத்துத் தருகிறேன் என்று இவன் கிளம்பினான். வேடிக்கை பார்க்க நானும் கிளம்பினேன்.

உள்ளே போனான். நாங்கள் பாறை மேல் நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து, மோட்டாரில் கட்ட உள்ளே விட்டிருந்த கயிற்றை ஒட்டிக் குமிழி குமிழியாக வந்தது. எட்டிப் பார்த்தால் அவன் தலை மங்கலாகத் தெரிகிறது. வெளியே வரவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தொங்குகிறான். கூப்பிட்டால் கேட்கவில்லை. மூச்சு மட்டும் குமிழியாக வருகிறது.

“ஐயையோ, புள்ளை மாட்டிக்கிச்சு! இழுங்கடா கயித்தை!” என்று நான் போட்ட சத்தத்தில் நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். கயிறு வந்தது. பிள்ளை வரவில்லை. நான் மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு அவனாக, மெள்ள, அவசரமே இல்லாத மாதிரி மேலே வந்தான். முகத்தில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “யாரு கயித்தை இழுத்தது?” என்றான்.

நாலு பேரும் ஒரே நேரத்தில் என்னைக் கை காட்டினார்கள். ஊரில் ஒற்றுமை இல்லை என்று யார் சொன்னது?

“ஆத்தா, நான் அங்கன வேணும்னுதான் நின்னேன். மேல வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நின்னுதான் வரணும்.”

“உள்ள என்னடா பஸ்ஸா வருது, நின்னு வர்றதுக்கு?”

சிரிக்கவில்லை. நாங்கள் இழுத்ததில், மோட்டாரில் கட்டிய கயிறு நழுவிவிட்டதால் இன்னொரு முறை இறங்க வேண்டும் என்றான். ஆனால் உடனே இறங்கவில்லை. வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டான். உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். தோட்டக்காரக் கூட்டாளி இரண்டு முறை வந்து கிணற்றை எட்டிப் பார்ப்பது மாதிரி அவன் முகத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். “என்ன மச்சான், பயமா இருந்தா சொல்லிரு” என்றார். இவன் கையில் கட்டியிருந்த பெரிய கடிகாரம் மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டு, “இன்னும் ஆகலை” என்றான்.

உப்பு இறங்க வேண்டும்

அன்றைக்கு அந்த மரத்தடியில் அவன் எனக்குச் சொன்னது, கடலைப் பற்றி எனக்குத் தெரிந்த மொத்தப் படிப்பும் அதுதான்.

சிலிண்டரில் இருப்பது நாம் மூச்சு விடுகிற அதே காற்றுதான். ஆழத்தில் தண்ணீர் எல்லாப் பக்கமும் அமுக்குகிறது. அந்த அமுக்கலில், காற்றில் இருக்கிற நைட்ரஜன் என்கிற ஒன்று ரத்தத்திலும் சதையிலும் போய் ஊறிவிடும். மேலே வரும்போது அது மெள்ள வெளியேற வேண்டும். படபடவென்று மேலே வந்தால் உள்ளேயே குமிழியாகிவிடும். மூட்டில் நிற்கலாம், முதுகுத்தண்டில் நிற்கலாம்.

“குக்கரை எறக்குன ஒடனே மூடியத் தொறந்தா என்ன ஆகும்?” என்று கேட்டான்.

“ஒங்க அப்பா ஒருக்காத் தொறந்தாரு. பருப்பு இன்னும் ஓட்டுலதான் ஒட்டிக்கெடக்கு.”

“அதேதான். ஆவி அடங்குற வரைக்கும் பொறுக்கணும்ல? அதுக்குத்தான் வழியில நிக்கிறது.”

“சரி, அதான் நின்னு வந்துட்டியே. மறுபடி எறங்குறதுக்கு என்ன? எதுக்கு மரத்தடியில குந்தியிருக்க?”

அதற்கு அவன் கருவாட்டைச் சொன்னான். கருவாட்டில் ஏறின உப்பு ஒரு அலசலில் போகாது. தண்ணீரில் ஊறப் போட்டால்தான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பாதி இறங்கியிருக்கும்போது மறுபடி உப்பில் போட்டால், முதல் முறையைவிட அதிகமாக ஏறும். உடம்பும் அப்படித்தான். ஒரு முங்கில் ஊறினது முழுக்க இறங்குவதற்குள் அடுத்த முங்கு போட்டால் பழையதும் புதியதும் சேர்ந்துகொள்ளும். அதனால் முதல் முங்கு எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், மேலே எவ்வளவு நேரம் சும்மா இருந்தோம் என்று பார்த்துத்தான் இரண்டாவதைத் திட்டம் போட வேண்டும். ஆழமானதை முதலில், ஆழம் குறைந்ததைப் பிறகு என்று வைத்துக்கொள்வது அவன் பழக்கமாம்.

“ஊர்ல எல்லாருக்கும் மேல இழுத்துட்டாக் காப்பாத்திட்டதா நெனப்பு ஆத்தா” என்றான். அவன் சொன்னதில் அது ஒன்றுதான் எனக்கு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

விமானத்தைப் பற்றியும் அன்றைக்குத்தான் சொன்னான். விமானம் மேலே ஏற ஏற, உள்ளே இருக்கிற காற்றின் அமுக்கமும் தரையில் இருப்பதைவிடக் குறைந்துவிடும். உடம்பில் மிச்சம் இருக்கிற நைட்ரஜனுக்கு அது குக்கர் மூடியைத் தூக்கின மாதிரி. அதனால் பல நாள் முங்கினவர்கள் முழுசாக ஒரு நாளாவது தரையில் இருந்துவிட்டுத்தான் ஏற வேண்டும். அவனோடு வேலை பார்த்த ஒருவர், வீட்டில் அவசரம் என்று முங்கின அன்றைக்கே ஏறினாராம். இறங்கும்போது இடுப்புக்குக் கீழே மரத்துப் போயிருந்தது. மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்து நடக்கிறார். நேராக இல்லை.

சொல்லியும் நம்பாத பிள்ளை

தொட்டியைச் சுற்றிக்கொண்டு நான் ஓடிப் போய் நின்றபோது சித்ரா என்னைப் பார்த்து நிஜமாகவே பேயைக் கண்டது போல நின்றாள்.

“போனைக் குடுடி.”

“வச்சிட்டான். ஏர்போட்டுக்குக் கெளம்பிட்டான்.”

“திரும்பப் போடு.”

போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அப்போதும் இல்லை. சித்ராவுக்கு அப்போதுதான் தான் செய்தது புரிய ஆரம்பித்தது. “இவ்வளவு ஆகும்னு எனக்குத் தெரியாது ஆத்தா. சாக்குச் சொல்றான்னு நெனச்சேன்” என்று அழுதாள். நான் போனைப் பிடுங்கி மறுபடி மறுபடி போட்டேன். வாய்க்கு வேலை கொடுத்தே பழகின எனக்கு அந்த நேரத்தில் ஒரு கேலியும் வரவில்லை.

எத்தனையாவது முறையோ, எடுத்தான். பின்னால் அறிவிப்பு ஒலிக்கிற சத்தம்.

“டேய் கருப்பையா! நாந்தான்டா. எனக்கு ஒண்ணுமில்லை. நல்லா இருக்கேன். ஏறாதடா!”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினான். “பேசாதே ஆத்தா. பேசுனா மூச்சு வாங்கும். நான் வந்துர்றேன்.”

“ஓடி வந்ததுலடா மூச்சு வாங்குது! உளுந்த வடை தின்னுக்கிட்டு இருந்தேன்டா!”

“அப்பாவுக்கும் இப்படித்தானே சொன்னாங்க?”

எங்கள் ஊரில் கெட்ட செய்தி சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. இருக்கிறவர் நலமில்லாமல் கிடந்தால், ‘சும்மா சளி’ என்பார்கள். போய்விட்டால், ‘கொஞ்சம் சீரியஸ், கிளம்பி வா’ என்பார்கள். தூரத்தில் இருக்கிற பிள்ளை வழியில் உடைந்து போகக் கூடாதே என்கிற நல்லெண்ணம். அவன் அப்பா படுத்திருந்தபோது பெரியப்பா, சித்தப்பா எல்லோரும் மாறி மாறி இவனிடம் ‘நல்லாத்தான் இருக்காரு, இட்லி சாப்பிட்டாரு’ என்றே சொன்னார்கள். இட்லி சாப்பிட்ட அப்பாவைப் பார்க்க இவன் வந்து சேர்ந்தபோது கண்ணாடிப் பெட்டியில் இருந்தார். அப்படிப்பட்ட பிள்ளையிடம் நான் வடை சாப்பிட்டேன் என்றால் எப்படி நம்புவான்?

“காலு போயிரும்னு நீதானடா சொன்ன?”

“போகும்னு இல்லை. போனாலும் போகலாம். ஒன்னையப் பாக்காமப் போயிட்டா?” பின்னால் மறுபடி அறிவிப்பு ஒலித்தது. “வரிசையில நிக்கிறேன் ஆத்தா. இன்னும் கொஞ்ச நேரத்துல கூப்புடுவாங்க.”

முகம் பார்த்துப் பேசுகிற போன் இருந்தால் ஒரு நொடியில் தீர்ந்திருக்கும். இரண்டு போன்களைக் கடலுக்குக் கொடுத்த பிறகு அவன் வைத்திருப்பது பட்டன் போன். மாப்பிள்ளை பேசினாலும் சேர்ந்து பொய் சொல்கிறார் என்பான். சித்ராவைக் கேட்கவே வேண்டாம். என்னைப் பற்றி எவர் நல்லது சொன்னாலும் நம்ப மாட்டான்.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. என்னைப் பற்றி நல்லது சொல்லியே பழக்கமில்லாத ஒரு ஆள் வீட்டில் இருக்கிறாளே!

சம்பந்தி வாய்

பழனியம்மாள் பந்தலில் வாழைத்தார் கட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். போனை நீட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். சித்ரா சொன்ன பொய்யை, குவாரிக் குழியை, நேராக நடக்காத அந்த மனிதரை.

சித்ரா பின்னால் சுவரோடு சுவராக நின்றாள். பொய்யைக் கேட்டதும் பழனியம்மாளின் கண் அவள் பக்கம் போன வேகத்தைப் பார்த்தேன்.

“வையிறதை அப்பறம் வைங்க மதினி, நானும் கூடச் சேந்து வையிறேன். இப்பப் போனைப் பிடிங்க. எனக்கு ஒண்ணுமில்லைன்னு நீங்க சொன்னாத்தான் நம்புவான்.”

“நான் சொன்னா எதுக்கு நம்பணும்?”

“என்னையப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை ஒங்க வாயில வந்திருக்கா? அதான்.”

உதட்டைக் கடித்துக்கொண்டு போனை வாங்கினாள்.

“தம்பி, நான் பழனியம்மா பேசுறேன். ஒங்க ஆத்தாளுக்கு ஒரு கேடும் இல்லை. அடுப்படியில போட்டு எடுத்த வடையில பாதி அது வயித்துலதான் கெடக்கு. இந்தா, உதட்டுல எண்ணெய் மினுங்கிக்கிட்டு முன்னாடி நிக்குது.”

“அத்தே... சத்தியமாவா?” என்று அவன் கத்தியது எனக்கே கேட்டது.

“ஒங்க ஆத்தாளை நல்லா இருக்குன்னு பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப் போகுது? ஒங்க தங்கச்சிதான் புத்திகெட்டுப் போயி அப்படிச் சொல்லிருச்சு.”

அந்தப் பக்கம் அவன் அழுதானா சிரித்தானா என்று எனக்குக் கேட்கவில்லை. அப்புறம் அவன் கேட்டது மட்டும் பழனியம்மாளின் முகத்திலிருந்து தெரிந்தது. மடிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறான்.

பந்தலில் எல்லோரும் கையில் இருந்த வேலையை நிறுத்தியிருந்தார்கள். பழனியம்மாள் வாழைத்தாரைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். அவர் மறுநாள் ராத்திரி விமானத்துக்குப் பெட்டி கட்டி வைத்திருந்தவர்.

“காலு நல்லா இருந்தாத்தான் தம்பி மடி” என்றாள். “நாளைக்கு மொட்டை மட்டும் போட்டுக்கிறோம். காது எங்கயும் ஓடிப் போயிறாது. நீங்க நாளைக்குக் கெளம்பி மெதுவா வாங்க.”

வரிசையிலிருந்து விலகி வந்துவிட்டேன் என்று அவன் சொன்ன பிறகுதான் போனை என்னிடம் கொடுத்தாள்.

மாப்பிள்ளைக்குத்தான் நஷ்டம். மகளுக்குக் காது குத்துவதைப் பார்க்க நாளை முன்னால் இழுத்தவர், அதைப் பார்க்காமலே போக வேண்டும். “குத்துறப்ப அழுவா. அதை நான் பாக்காம இருந்தா நல்லதுதான் அத்தே” என்று என்னிடம் சொல்லிவிட்டு, பெட்டியில் பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனார். பூட்டைப் பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது.

சாயங்காலம் பழனியம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வெற்றிலையைக் கிள்ளினாள். மருமகளை வையத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

“எம் புள்ளை அங்கன ஏசி ரூம்புல வேலைன்னுதான் சொல்றான்” என்றாள். “சட்டையக் கழட்டுறப்பப் பாத்தேன். கழுத்து வரைக்கும் கருத்துக் கெடக்கு. நான் ஒண்ணும் கேக்கலை.”

வெற்றிலையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

நேராக வந்தான்

மொட்டைக்கு அடுத்த நாள் காலை. பஸ்ஸை விட்டு இறங்கி, வரப்பு வழியாகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் நடந்து வந்ததை நானும் பழனியம்மாளும் வாசலில் நின்று பார்த்தோம். அவன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நேராத்தான் வர்றான்” என்றாள் அவள்.

பேத்தியை மடியில் வைத்தோம். பத்தர் ஊசியை எடுத்தார். கடலுக்கு அடியில் போய் வருகிறவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். பிள்ளை கத்தின கத்தலில் அவனும் சேர்ந்து கத்தியிருப்பான், ஊர் இருந்ததால் அடக்கிக்கொண்டான்.

மறுபடி அந்தமானுக்குக் கிளம்பும் முன் என்னிடம் ஒரு ஒப்பந்தம் போட்டான். “இனிமே உள்ளது உள்ளபடி சொல்லு ஆத்தா. நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு, இல்லைன்னா இல்லைன்னு. எதையும் மறைக்காதே.”

அப்படியே செய்கிறேன். போன் வந்ததும் முட்டி வலி, வாயு, வலது காதில் இரைச்சல், கனவில் வந்த செத்தவர்கள் என்று வரிசையாகச் சொல்வேன். பாதியில், “ஆத்தா, படகுல எல்லாரும் காத்திருக்காங்க” என்று கெஞ்சுவான்.

அவனும் சொல்ல வேண்டும் என்று நானும் கேட்டிருந்தேன். முன்பெல்லாம் எவ்வளவு ஆழம் என்று கேட்டால், “இடுப்பளவுதான்” என்பான். இப்போது நிஜத்தைச் சொல்கிறான். நம்ம ஊர்த் தென்னை மரம் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவோ அவ்வளவாம். இன்றைக்கு இரண்டு முங்கு, நடுவில் இவ்வளவு நேரம் மேலே இருந்தேன், மூன்றாவது வேண்டாம் என்று விட்டுவிட்டேன் என்பான்.

இடுப்பளவுத் தண்ணீரில் அவன் நின்றுகொண்டிருந்த வருஷங்களில் நான் எவ்வளவு நன்றாகத் தூங்கினேன்! இப்போது பொழுது சாய்ந்தால் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அடித்ததும் என் வலிகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்.

“மேல வந்துட்டியா?”